அமரப் பலகை

துளைக்கருவி உள்ளே போன வேகம்
எனக்குப் பிடிக்கவில்லை.
நல்ல மரம் அப்படி வழிவிடாது.
வெளியே வந்த தூள்
ஊறிய பிண்ணாக்காக இருந்தது.
முகர்ந்தேன். மூடிவைத்த கிணறு.

மெயர்பேங்கில் ஞாயிறு காலை,
காகித ஆலைப் பக்கமிருந்து காற்று.
மச்சான் மொகாம்பரி விலையைக் கேட்டுச் சொல்லியிருந்தான்:
இந்தக் காசுக்கு ட்ரெய்லர்தான் வரும்,
படகு இனாம் என்று வைத்துக்கொள்.
ட்ரெய்லரை அவன் அப்போது பார்த்திருக்கவில்லை.

பதினாறு அடி, இரண்டு எஞ்சின்.
"சின்ன வேலைதான் பாக்கி" என்றான்
ஷெல்லி பீச்சில் விற்றவன்.
சின்ன வேலை என்றால்
என்ன நீளம் என்ன அகலம் என்று
நானும் கேட்கவில்லை.

கிரைண்டரை வைத்து அமரத்தின் தோலை உரித்தேன்.
ஃபைபருக்குக் கீழே கார் பட்டி, ரோஜா நிறத்தில்.
பட்டிக்குக் கீழே கசக்கிய செய்தித்தாள்,
ரக்பி ஆட்டத்தின் பாதி முடிவு.
அதற்கும் கீழே, எஞ்சின் தொங்கும் இடத்தில்,
ஒரு ஒயின் பாட்டில் தக்கை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு.
இவன் பூசணிக்குப் பெயிண்டும் அடித்திருந்தான்,
அதுவும் இரண்டு கோட், தூரிகைத் தடமே இல்லாமல்.

மூன்று வாரம் அவனைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன்.
ஐஸ்கிரீம் டப்பாவில் கலந்த ரெசின்
கையிலேயே கொதித்துப் புகைந்தது.
படுக்கை முழுக்கக் கண்ணாடிச் சுணை;
கோகிலம்பாள் தலையணையோடு முன்னறைக்குப் போனாள்.
போனவள்தான் பார்த்தாள், கம்பளத்தில் இரண்டு முழம் இல்லை.
படகு உட்காரும் கட்டைகளுக்கு வேறு எதைச் சுற்றுவது?

அவள் கார் அலாரம் பொருத்துகிறவள், எட்டு வருடமாக.
ஒயரெல்லாம் அவள் கை.
எங்கும் போகாத ஒரு சிவப்பு ஒயரை
முழுசாக இழுத்து வெளியே போட்டு,
"இதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தாய்" என்றாள்.

புது அமரத்தைச் சுத்தியலால் தட்டினேன்,
இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை.
கணீர், கணீர், கணீர்.
தெருவைக் கூப்பிட்டுக் கேட்கவைக்கலாம் போலிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை,
இருட்டிக்கொண்டு வந்தபோது,
இடது சக்கரம்.
பழைய பேரிங்கின் கிண்ணம் உப்பில் இறுகிக் கிடந்தது.
உளி வைத்தேன்; உளி சில்லு தெறித்தது.
புதுப் பேரிங்கை அந்தப் பழைய கிண்ணத்திலேயே உட்காரவைத்து,
கிரீஸைத் தாராளமாக அப்பி,
மூடியைத் தட்டிவிட்டேன்.
"முடிந்ததா?"
"முடிந்தது."

விடியற்காலை மூன்றரை மணி.
நான்கு சக்கரம் காருக்கு, இரண்டு ட்ரெய்லருக்கு,
ஆறு எலுமிச்சம்பழம் நசுக்கினோம்.
எலுமிச்சைக்கு என்ன தெரியும்?

உம்கோமாஸ் பாலம் தாண்டி நிறுத்திக் கைவைத்தேன்.
வலது குடம், வெதுவெதுப்பு.
இடது குடம், உலையில் வைத்த சட்டி.
கோகி டார்ச்சைப் பிடித்தாள்,
சக்கரத்தின் மேல் அல்ல, என் முகத்தின் மேல்.
"என்ன?"
"ஒன்றுமில்லை, ஒரு சின்ன வேலை..."
என்று தொடங்கிய குரல்
எனக்கே கேட்டுப் பழகியதாக இருந்தது.

புதுக் கிண்ணம் காரிலேயே இருந்தது,
டாஷ்போர்டு அறையில், காகிதம் பிரிக்காமல்.
அவள் அதைப் பார்த்தாள்.
ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டு,
காகிதத்தில் சுற்றிய பீன்ஸ் பன்னியைப் பிரித்து
தான் மட்டும் சாப்பிடத் தொடங்கினாள்.

பார்க் ரைனிக்குப் போகும் படகுகள்
ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக் கடந்தன.
நான் குனிந்து அடித்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் படகு, ஒரு பக்கம் தூக்கிய நிலையில்,
போகிறவர்களின் விளக்கிலெல்லாம்
தன் அமரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.
அதில் ஒரு குற்றமும் கிடையாது.